பேக்கரி வாசலில் நின்ற வண்டி

வாசகரே, உங்களை நடுவராக நான் அழைக்கவில்லை. நடுவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். இரு அணியையும் பாராட்டுவார்கள், பழைய துணுக்கு ஒன்றைச் சொல்வார்கள், வரும்போதே முடிவு செய்துகொண்டு வந்த தீர்ப்பை அப்போதுதான் உதித்ததுபோல் அறிவிப்பார்கள், பொன்னாடையை மடித்துக்கொண்டு காரில் ஏறுவார்கள். எனக்கு வேண்டியது சாட்சி. நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருங்கள். நடுவே தப்பிக்கப் பார்த்தால் சட்டையைப் பிடித்து நிறுத்துங்கள். தப்பிப்பதில் எனக்கு முறையான பயிற்சி உண்டு. எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும், எந்த அணியில் உட்காரவைத்தாலும் வென்று வந்தவன் நான். கூட்டுக் குடும்பமே சிறந்தது என்று ஒரு கல்லூரியில் முழங்கிக் கோப்பை வாங்கினேன். தனிக் குடும்பமே சிறந்தது என்று இன்னொரு கல்லூரியில் முழங்கி அதற்கும் ஒரு கோப்பை வாங்கினேன். இரண்டும் எங்கள் வீட்டு டிவியின் இருபுறமும் சண்டை சச்சரவு இல்லாமல் நிற்கின்றன.

அப்படிப்பட்ட எனக்கு, மீசை முளைத்துப் பட்டம் வாங்கி வேலைக்கும் சேர்ந்த பிறகும், இரு சக்கர வண்டி ஓட்டத் தெரியாது. சைக்கிளும் தெரியாது.

திருப்பூரில் இதற்கு என்ன பொருள் என்பதை வெளியூர்ச் சாட்சிகளுக்கு விளக்கியாக வேண்டும். இங்கே ஒரு பனியன், கடைக்குப் போவதற்குள் ஊரைச் சுற்றிப் பார்த்துவிடுகிறது. ஓரிடத்தில் நூல் துணியாகும், வேறோரிடத்தில் சாயம் ஏறும், மற்றோரிடத்தில் வெட்டுவார்கள், இன்னோரிடத்தில் படம் அச்சடிப்பார்கள், ஊருக்கு வெளியே எங்கோ ஒரு தோட்டத்து ஓரத்தில் தைப்பார்கள். எங்களுடையதைப் போன்ற நடுத்தரக் கம்பெனி இந்த வேலைகளை ஒவ்வொரு யூனிட்டுக்கும் பிரித்துக் கொடுத்து வாங்கும். துணி டெம்போவில் முன்னே போகும்; அதன் பின்னாலேயே கம்பெனி ஆள் ஒருவர் வண்டியில் போவார். நிறமும் அளவும் கழுத்துப்பட்டியும் ஒத்துவருகின்றனவா என்று முதல் பீஸைப் பார்த்து அவர் தலையசைத்தால்தான் அங்கே தையல் லைன் ஓடும். இதற்கு ஃபாலோ-அப் என்று பெயர். ஆர்டர் கைக்கு வருவது மெயிலில். சரக்கு உருப்படியாக வெளியே போவது ஃபாலோ-அப் ஆளின் டயரில்.

நானோ அலுவலகத்தில், வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் ஒருவருக்கு உதவியாளன். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ஆங்கிலத்தில் மெயில் எழுதுவதும், சாம்பிளை மடித்து வைப்பதும் என் பணி. காலையில் மண்ணரையில் எங்கள் வீட்டிலிருந்து கம்பெனிவரை என்னைக் கொண்டுவந்து விடுவது என் தங்கை. அவள் வேறொரு கம்பெனியில் தர ஆய்வாளர். தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைப்புத் தேடி வந்த எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் ஸ்கூட்டர் வாங்கியதும் அவள்தான். பின்னால் உட்கார்ந்திருப்பதற்கு என்னிடம் தக்க காரணங்கள் இருந்தன. சுற்றுச்சூழல், சாலை விபத்துகள், பொதுப் போக்குவரத்தின் சமூக மாண்பு. அவள் ஒன்றையும் காதில் வாங்கியதில்லை.

"மேடையில நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்கே. ஸ்பீடு பிரேக்கர் வந்தா எந்தோளப் பிச்சு எடுக்கே. எண்ணே, உன்னால எனக்குத் தோள்பட்டையே எறங்கிப் போச்சு" என்பாள்.

உண்மைக் காரணம் மிகச் சிறியது. எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாரும் வாடகைச் சைக்கிளில் விழுந்து விழுந்து கற்றுக்கொண்ட வயதில், நான் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கத் தொடங்கிவிட்டேன். தெருவே என்னைப் பார்க்கும் என்று நம்பினேன். பரிசு வாங்கியவன் சாக்கடை ஓரத்தில் குப்புற விழுந்து கிடப்பதை நாலு பேர் பார்ப்பதா? பிறகு கற்றுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். அந்தப் 'பிறகு' வருவதற்குள் தெருப் பிள்ளைகள் ஆளுக்கொரு பைக் வாங்கிவிட்டார்கள்.

சென்ற ஆண்டு ஆயுத பூசை. எங்கள் கம்பெனியில் அன்றைக்குத் தையல் மெஷின்களுக்கெல்லாம் விபூதிப் பட்டை, சந்தனம், குங்குமம். கத்தரிக்கோலுக்கும் பொட்டு. கம்ப்யூட்டர் திரைக்கு வைத்த பொட்டினால் இரண்டு நாளைக்கு எக்செல் சரியாகத் தெரியாது. பொரி, கடலை, சுண்டல் எல்லாம் முடிந்தபின் முதலாளி என்னை இரண்டு வார்த்தை பேசச் சொல்வது வழக்கம். என்னிடம் இரண்டு வார்த்தை கேட்பது மேட்டூர் அணையில் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்பதைப் போன்றது.

எங்கள் முதலாளி விவசாயக் குடும்பத்துக்காரர். தோட்டத்தை விற்காமல் பனியனுக்கு வந்தவர் என்பதால் பேச்சில் இன்னும் அவசரம் கிடையாது. தொழிலாளியைத் திட்டும்போதும் 'ங்க' போடுவார். வாங்கிக்கொள்பவருக்குத் திட்டா உபசாரமா என்று புரிய அரை நாளாகும்.

அன்று நான் தேர்ந்துகொண்ட பொருள் மாற்றம். மாறாதவன் பாறை, மாறுபவன் ஆறு என்று தொடங்கினேன். பிகாரிலிருந்து வந்த தோழர்களுக்காக ஒரு இந்திச் சொல்லையும் தூவினேன். உச்சக்கட்டத்தில் குரலைத் தாழ்த்தி, "அச்சம் என்பது நமக்கு நாமே பூட்டிக்கொண்ட பூட்டு. அதன் சாவி வேறெங்கும் இல்லை தோழர்களே, நம் கையில் இருக்கிறது!" என்று வலது கையை நீட்டினேன்.

நீட்டிய கையில் முதலாளி ஒரு சாவியை வைத்தார்.

"நெம்பப் பொருத்தமாச் சொன்னீங்க தம்பி! இதுக்கு மேல நான் என்னத்தப் பேசறது? பூசை முடிஞ்சு வர்ற திங்கக்கெழமையில இருந்து சேவூர் யூனிட்டு ஃபாலோ-அப் நீங்கதான் பாக்கறீங்க. சம்பளமும் ஏத்தியாச்சு. வண்டி வாசல்ல நிக்குது, போயிப் பாருங்க!"

கைதட்டல் கூரையைத் தொட்டது. நான் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த பதவி உயர்வு அது. மேசையை விட்டு வெளியே போகும் வேலை, நாளைக்கு நானே மெர்ச்சண்டைசர் ஆவதற்கு இதை விட்டால் வேறு வழியில்லாத வேலை. வாசலில் மாலையும் சந்தனமுமாக ஒரு புத்தம்புது ஸ்கூட்டர், முன் சக்கரத்தின் அடியிலும் பின் சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழங்கள். புதுவண்டியை அதன் சொந்தக்காரர் முதன்முதலாக நகர்த்தி அந்தப் பழங்களை நசுக்கவேண்டும் என்பது இங்கே எழுதாத சட்டம். மொத்தக் கம்பெனியும் வாசலுக்கு வந்துவிட்டது. ஒருவர் கைப்பேசியை உயர்த்தி வீடியோ எடுக்கத் தயாரானார்.

அந்த நொடியில் நான்கு சொற்களில் உண்மையைச் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் மேடை பழகிய நாக்கு முந்திக்கொண்டது. "இந்த வண்டியின் முதல் உருளல், இந்த நிறுவனத்தை வீட்டிலிருந்து தாங்கும் அன்னையின் கையால் நிகழட்டும். அடியேன் இரண்டாவதாக ஓட்டுகிறேன்!" என்று சாவியை முதலாளியின் மனைவியிடம் இரு கைகளாலும் நீட்டினேன்.

அந்த அம்மாள் ஒரு கணம் திகைத்து, பிறகு பட்டுப்புடவைக் கொசுவத்தை ஒதுக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். பழங்களைத் தெறிக்க நசுக்கினார். தெருமுனை வரை போய்ச் சுற்றிவந்து நிறுத்தினார். கொண்டையில் ஒரு பூ நலுங்கவில்லை. தொழிலாளர்கள் விசிலடித்தார்கள். முதலாளியின் கண்கள் கலங்கிவிட்டன. "இந்தக் காலத்துல இப்பிடி ஒரு அடக்கமான பையனா!" என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. சாட்சியே, குறித்துக்கொள்ளுங்கள்: என் வாழ்க்கையில் நான் பெற்ற மிக நீண்ட கைதட்டல் அது. அந்த ஆரவாரத்தில் என்னுடைய இரண்டாவது உருளலை யாரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை வந்தது. என் திட்டம் எளிமையானது. காலையில் கம்பெனி வாசலிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவேன். காவலாளி கேட்டால் "பெட்ரோல் போடணும்" என்பேன். தெரு திரும்பியதும் ஒரு பேக்கரி. அதன் வாசலில் வண்டியை நிறுத்திப் பூட்டுவேன். பிறகு பேருந்தில் அவிநாசி, அங்கிருந்து இன்னொரு பேருந்தில் சேவூர். மாலையில் வந்து வண்டியை எடுத்துத் தள்ளிக்கொண்டே கம்பெனிக்குள் நுழைவேன். வியர்த்து வழிந்து வரும் என்னைப் பார்த்து, வெயிலில் வண்டி ஓட்டி வருகிறான் என்று எல்லாரும் பரிதாபப்படுவார்கள். பேக்கரி அண்ணன் மட்டும் ஒரு நாள் கேட்டார்:

"ஏனுங்க, டெய்லியும் வண்டிய நடக்கக் கூட்டீட்டு வர்றீங்களே, அதுக்குச் சக்கரை வியாதிங்களா?"

நான் அவரிடம் இரண்டு தேங்காய்ப் பன் வாங்கிப் பேச்சை மாற்றினேன்.

பேருந்துக்கு என் பதவி உயர்வைப் பற்றிக் கவலையில்லை. அவிநாசியில் அது நின்றால் ஓட்டுநர் டீ குடித்து, வெற்றிலை போட்டு, அரசியல் பேசி முடித்த பின்தான் கிளம்பும். சேவூர் யூனிட்டில் மெஷினுக்கு முன்னால் தையல்காரர்கள் முதல் பீஸை வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருப்பார்கள். பீஸ் ரேட்டில் தைப்பவர்கள் அவர்கள். லைன் நின்றால் அவர்களுக்கு வெறுங்கை. ஒரு நாள் பொறுத்தார்கள், இன்னொரு நாள் பொறுத்தார்கள், அப்புறம் அந்த யூனிட்காரர் முதலாளிக்குப் போன் போட்டுவிட்டார்.

முதலாளி எனக்குப் போன் போட்டார். அப்போது நான் அவிநாசியைத் தாண்டிய பேருந்தில், கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, எங்கிருக்கறீங்க?"

"அவிநாசி தாண்டிட்டேனுங்கண்ணா. வண்டியிலதான் போயிட்டிருக்கேன்."

"அப்பிடீங்களா. ஹெல்மெட் போட்டிருக்கறீங்கல்ல?"

"போட்டிருக்கேனுங்கண்ணா. ஓரமா நிறுத்திட்டுத்தான் பேசறேன்."

அந்த நேரம் பார்த்து நடத்துநர் என் காதருகே விசிலடித்தார். "படியில நிக்காத, உள்ள போ! உள்ள அத்தன எடம் கெடக்குது, எல்லாரும் படியிலயேவா குடியிருப்பீங்க?"

"பக்கத்துல பஸ் போகுதாட்டிருக்குதுங்க தம்பி."

"ஆமாங்கண்ணா. ரொம்பப் பக்கத்துல."

"செரி. நான் இங்க நம்ம முக்குப் பேக்கரியில டீ குடிச்சுட்டிருக்கறனுங்க. இங்க ஒரு வண்டி நிக்குது. சீட்டு மேல ஒரு பூனை படுத்துத் தூங்குது. நம்பரப் பாத்தா நம்ம கம்பெனி வண்டியாட்டவே இருக்குதுங்க. அப்ப நீங்க இப்ப ஓட்டீட்டுப் போறது எதுங்க?"

பேருந்து ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. 

இதற்குப் பிறகு முதலாளி செய்ததை நான் மறக்கவே முடியாது. என்மேல் இரக்கப்பட்டு, அவரே எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டார். "பஞ்சருங்களா தம்பி?" என்றார். கொங்கு நாட்டு மரியாதை அப்படிப்பட்டது. பொய் சொல்பவன் கூச்சப்படக் கூடாது என்று பொய்யைக்கூட அவர்களே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். பஞ்சர் என்று ஒரு சொல் போதும். பதவி நிற்கும், சம்பளம் நிற்கும், அடக்கமான பையன் என்ற பெயரும் நிற்கும். அதற்குத் துணையாக நான்கு வாக்கியங்கள் என் நாவில் வரிசையில் வந்து நின்றன. ஆணி எந்தச் சக்கரத்தில் ஏறியது என்பதுவரை தயாராக இருந்தது.

ஆனால் நாளையும் தள்ளவேண்டும். நாளை மறுநாளும். அந்தத் தையல்காரர்கள் நாளையும் மெஷின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நினைத்துப் பார்த்ததில் எனக்குக் களைப்பாக இருந்தது. வீரம் என்று அதை உயர்த்திச் சொல்ல என்னிடம் ஆதாரமில்லை.

"பஞ்சரில்லீங்கண்ணா. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதுங்க."

"என்னங்க? பஸ் சத்தத்துல கேக்கலீங்க."

நான் அரங்கத்தின் கடைசி வரிசைவரை எட்டும்படி வளர்த்த குரலில் கத்தினேன்: "எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதுங்க! சைக்கிளும் தெரியாதுங்க!"

 ஜன்னலோரம் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தார். "தெரியாட்டிப் போகுது உடுங்க. அதுக்கு எதுக்குங்க ஊரக் கூட்டறீங்க?" என்றார்.

போனில் முதலாளி டீயை உறிஞ்சும் ஓசை மட்டும் கேட்டது. பிறகு, "அப்ப அன்னிக்குச் சாவிய எங்கூட்டுக்காரிகிட்டக் குடுத்தது?"

"அதுவும் இதுக்குத்தானுங்கண்ணா."

"அடப் பாவி! அவ அதைய வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லிப் பெருமப்பட்டுட்டிருக்கறா. அவகிட்ட என்னால சொல்ல முடியாது. நீங்களே சொல்லிக்கங்க." பிறகு குரல் மாறிச் சொன்னார்: "ஓட்டத் தெரியாதது ஒரு குத்தமில்லீங்க தம்பி. லைன் நின்னு போச்சு பாருங்க, அதுதான் எனக்குத் தாங்கல. நாளையில இருந்து சேவூர அக்கவுண்ட்ஸ் தம்பி பாக்கட்டும். நீங்க உங்க டேபிளுக்கே வந்துருங்க. ஓட்டக் கத்துக்கிட்டா வந்து சொல்லுங்க, அப்பப் பாக்கலாம்."

இப்படியாக ஆயுத பூசையில் கிடைத்த பதவி தீபாவளிக்கு முன்பே போயிற்று. மறுநாள் அக்கவுண்ட்ஸ் தம்பி என் மேசையருகே நின்று, சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே, "பேச்சாளரே, அந்தப் பாறை, ஆறுன்னு ஒண்ணு சொன்னீங்களே, அதுல நீங்க எது?" என்றான். நான் ஒரு மெயிலைத் திறந்து 'டியர் சார்' என்று அடிக்கத் தொடங்கினேன்.

வீட்டில் சொன்னபோது அம்மா, "ஏலே, பஸ்லயே போயிட்டு வந்தா என்னலே குத்தம்?" என்றார். தங்கை சிரிக்கவில்லை. மறுநாள் விடியற்காலையில் என்னை எழுப்பி, பின்னால் உட்காரவைத்து, ஒரு காலி மைதானத்தில் கொண்டுபோய் இறக்கினாள். அங்கே பலகையில் எழுதியிருந்தது: பெண்களுக்கு மட்டும் ஸ்கூட்டர் பயிற்சி.

பயிற்சி தரும் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏனுங் கண்ணு, போர்டு பாத்தீங்களா?"

தங்கைதான் பதில் சொன்னாள். "பாத்தேங்க்கா. ஆம்பளைங்ககிட்டக் கத்துக்கப் போனா, 'முறுக்குடா, அவ்வளவுதான்'னுட்டு வுட்டுட்டுப் போயிருவாங்க. எங்கண்ணன் அதுக்கும் ஒரு பதில் பேசிட்டுத் திரும்பி வந்துரும். பயப்படுறவங்களுக்குன்னு நெனச்சுச் சேத்துக்கோங்க."

பலகையின் வாசகம் சட்டப்படி என்னைத் தடுக்கிறதா என்று நான் வாய் திறப்பதற்குள், அக்கா ஒரு ஹெல்மெட்டை என் தலையில் கவிழ்த்தார். அதில் ஊதா நிறப் பூக்கள் இருந்தன.

வரிசையில் எனக்கு முன்னால் ஒரு தையல்கார அக்கா. எனக்குப் பின்னால், பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் ஒடிசாப் பெண் ஒருத்தி. என் முறை வந்தது. வண்டி நகர்ந்தது. நம்புங்கள், உண்மையாகவே நகர்ந்தது. மைதானத்தின் பாதிவரை ஆடாமல் போனேன். பக்கத்திலேயே ஓடிவந்த பயிற்சி அக்கா, "பயமா இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

கேட்டிருக்கக் கூடாது. எனக்குப் பேச்சுக் கற்றுத்தந்தவர்கள் சொல்லிவைத்த பாடம் ஒன்று உண்டு: சொல் கிளம்புமுன் கை கிளம்பவேண்டும், அதுவும் வலது கை. "பயம் என்பது" என்று தொடங்கினேன். வலது கை தானாக உயர்ந்தது.

"பையா! ஹாத்! ஹாத் நீச்சே!" என்று கையை இறக்கச் சொல்லி அலறினாள் ஒடிசாப் பெண். அதற்குள் கைப்பிடி தன் விருப்பப்படி திரும்பி, வண்டியும் நானும் ஒரு மணல்மேட்டில் போய்ச் சாய்ந்தோம். கால்சட்டை முழங்காலில் கிழிந்தது. ஹெல்மெட்டுக்குள் மண். மைதானமே சிரித்தது. தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேவிட்டாள்.

பள்ளி நாளிலிருந்து நான் எதற்கு ஒளிந்தேனோ அது நடந்துவிட்டது. நாலு பேருக்கு மேலாகவே பார்த்துவிட்டார்கள். அடுத்து என்ன பேரழிவு வருமோ என்று மணலில் கிடந்தபடியே காத்திருந்தேன். வந்தது தையல்கார அக்கா. "அடி ஒண்ணுமில்லீங்களே? அப்ப எந்திரிங்க, அடுத்து என்ற மொறை. எட்டரைக்குக் கம்பெனி பெல் அடிச்சிருவாங்க" என்று வண்டியைத் தூக்கி நிறுத்தி ஏறிப் போய்விட்டார். நான் எழுந்து நிற்பதற்குள் எல்லாரும் அவர் ஓட்டுவதைப் பார்க்கத் திரும்பிவிட்டார்கள். என் வீழ்ச்சிக்குக் கிடைத்த கவனம் அவ்வளவுதான். ஒரு பேச்சாளனாக எனக்கு அது சற்று வருத்தம்கூடத் தந்தது.

பிறகும் விழுந்தேன். ஒரு முறை ஆட்டுக்கு வழிவிட்டு, ஒரு முறை ஒன்றுமே இல்லாததற்கு வழிவிட்டு. கையை இறக்கி வைத்திருக்க மட்டும் அதிக நாள் பிடித்தது. முதலாளி வீட்டுக்குப் போய் அந்த அம்மாளிடமும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "பரவால்லீங்க, எனக்கும் அன்னிக்குத்தான் அத்தன பேரு முன்னால ஓட்ட ஒரு சாக்குக் கெடச்சுது" என்று காபி கொடுத்தார். லைசென்ஸ் எடுக்கும் மைதானத்தில், கால் ஊன்றாமல் எட்டுப் போட்டேன். அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

லைசென்ஸ் அட்டையோடு முதலாளியின் முன்னால் போய் நின்றபோது அவர் செக்கிங் டேபிளில் ஒரு பனியனின் கழுத்தை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் செக்கிங் பெண்கள். அக்கவுண்ட்ஸ் தம்பியும் அங்கேதான் இருந்தான்.

"சேவூர் அவருகிட்டயே இருக்கட்டுமுங்க. நல்லாப் பாக்கறாரு" என்றார் முதலாளி. என் முகம் விழுந்ததைப் பார்த்தாரோ என்னவோ, தொடர்ந்தார்: "அவிநாசிபாளையத்துல புதுசா ஒரு யூனிட்டுக்குப் பீஸ் குடுக்கறோம். தாராபுரம் ரோடு. லாரியும் பஸ்ஸும் உரசீட்டுத்தான் போகும். திங்கக்கெழம காலையில மொத பீஸ் பாக்கோணும். போவீங்களா, பயமா இருக்குதுங்களா?"

"அண்ணன் ஒரு அரை மணி நேரம் முன்னுரை பேசிட்டுச் சொல்லுவாருங்க" என்றான் அக்கவுண்ட்ஸ் தம்பி. செக்கிங் பெண்கள் கையிலிருந்த பீஸால் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

பயமாகத்தான் இருந்தது. அந்தச் சாலையில் தங்கையின் பின்னால் போனபோதே கண்ணை மூடிக்கொண்டவன் நான். முன்னுரையும் தயாராகத்தான் இருந்தது. மிக நல்ல முன்னுரை. அதை விட்டுவிட்டு, எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன்:

"பயமா இருக்குதுங்கண்ணா. ஆனா திங்கக்கெழம அங்க மெஷினைப் போடறதுக்கு முன்னால நான் வண்டியில போயி நிப்பேனுங்க. வழியில வுழுந்தா, வுழுந்துட்டேன்னு நானே போன் பண்ணிச் சொல்றேனுங்க."